விழுந்த புள்ளியும் நிலைத்த பாட்டும்

தமிழ் எழுத்து வரலாற்றில் புள்ளியினும் சிறியதொரு குறி இல்லை; புள்ளியினும் பெருஞ்சுமை தாங்கிய குறியும் இல்லை. உயிர் ஏறாத மெய் புள்ளி பெறும் என்றும், எகரமும் ஒகரமும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் நூன்மரபில் விதி வகுத்தது. கி.பி. 13ஆம் நூற்றாண்டளவில் எழுந்த நன்னூலும் அவ்விதியை ஏற்றுக்கொண்டது. அந்த எழுத்துமுறையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றே. புள்ளி பெற்றால் குறில், பெறாவிட்டால் நெடில். ஆகவே ‘எரி’ என்னும் நெருப்பையும் ‘ஏரி’ என்னும் நீர்நிலையையும் வரிவடிவில் பிரித்துக் காட்டியது ஒரு புள்ளியே. அப்புள்ளி விழுந்தால் நெருப்பு நீராகிவிடும். நீர் நெருப்பாக வேண்டுமாயின், இல்லாத புள்ளி எங்கிருந்தோ வந்து ஏற வேண்டும்; அஃது எளிதில் நிகழ்வதன்று.

விழுதல் எளிது, ஏறுதல் அரிது என்னும் இந்த ஏற்றத்தாழ்வே இங்கு ஆராயப்படும் பொருள். இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய தகவல் கோட்பாடு இதனைச் ‘சமனிலா இருமத் தடம்’ என்னும் கருத்தாக வளர்த்தெடுத்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே தமிழ் நூல்கள் அத்தகைய தடமொன்றின் வழியாகத்தான் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு வந்துசேர்ந்தன. வழியில் விழுந்தவை எவை, விழாமல் காத்தது எது என்பதை அறிந்தால், பழந்தமிழ்ப் பாட்டின் அமைப்பே புதியதொரு ஒளியில் தோன்றும்.

ஏடும் எழுத்தாணியும்

தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் மெய்யைக் காட்டும் முறைகள் மூன்று வழங்கியமையையும், அவற்றுள் புள்ளியிடும் முறை இறுதியாக வந்தமையையும் ஐராவதம் மகாதேவன் 2003ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெருநூலில் விளக்கியுள்ளார். புள்ளி என்பது தமிழுக்கென்றே அமைந்த ஒரு தீர்வு. மெய் எது, உயிர்மெய் எது என்னும் ஐயத்தை அது ஒரே அடியில் போக்கியது. ஆனால், இலக்கண நூல் வகுத்த தீர்வை எழுத்தாணி ஏற்கவில்லை.

பனையோலையில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்தாணியின் கூர்முனை கோடிழுக்கையில் மேற்பரப்பைக் கீறிச் செல்லும். புள்ளி குத்துகையில் ஓரிடத்தில் அழுந்தி ஓலையைத் துளைக்கும். துளைபட்டால் ஓலை பழுதாகும், மறுபக்கத்து எழுத்தும் கெடும் என்னும் அச்சமே ஏடெழுதுவோர் புள்ளியைக் கைவிட்டமைக்குப் பெரிதும் கூறப்படும் காரணம். அதுவொன்றே காரணம் என்றல் பொருந்தாது. துளைபடும் அச்சமில்லாத கருங்கல்லிலும் இடைக்காலக் கல்வெட்டுகளில் புள்ளி அருகியே காணப்படுகிறது. விரைந்தெழுதும் பழக்கமும், படிப்பவர் தாமே உணர்ந்துகொள்வார் என்னும் நம்பிக்கையும் சேர்ந்தே புள்ளியை வீழ்த்தின எனலாம்.

‘கண்ணன் வந்தான்’ என்பது ஏட்டில் ‘கணணன வநதான’ என நிற்கும். பாடம் கேட்டு, மனனம் செய்து, பிறகு ஏட்டைப் பார்த்த மாணவனுக்கு இதனால் இடர்ப்பாடு இல்லை. ஏடு அவனுக்கு நினைவூட்டும் கருவி மட்டுமே. பாடஞ்சொல்லும் மரபு அறுந்து, ஏடு மட்டும் எஞ்சிய நூல்களுக்கே இடுக்கண் நேர்ந்தது. சங்க நூல்கள் பலவற்றின் நிலை அதுவே.

இருவகைப் பிழை

ஏட்டுச் சுவடிகளில் படிப்போரை மயக்கும் இடங்கள் பல. அவற்றுள் இரண்டை ஒப்பிட்டால் இங்கு வேண்டும் வேறுபாடு விளங்கும்.

முதலாவது, துணைக்காலும் ரகரமும். இவ்விரண்டும் ஏடுகளில் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ‘தா’ என்பதைத் ‘தர’ எனப் படிக்கலாம். ‘தர’ என்பதைத் ‘தா’ எனவும் படிக்கலாம். படியெடுப்பவன் எப்பக்கம் வழுவுவான் என்று முன்னரே சொல்ல இயலாது. பிழை இருபுறமும் செல்லும் வழி திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது, புள்ளி. இதன் பிழை ஒருவழிப்பட்டது. மூலத்தில் இருந்த புள்ளி படியில் இல்லாமற் போகும். மூலத்தில் இல்லாத புள்ளி எழுதுவோன் சோர்வினால் படியில் தோன்றுவதில்லை. சோர்வு எப்பொழுதும் குறைக்கவே செய்யும். புழுவரித்த துளையொன்று தப்பித்தவறிப் புள்ளிபோல் தோன்றலாம். ஆயினும் அது ஓலையின் இருபுறமும் தெரிவதால் ஏட்டுப் பயிற்சியுடையார் அதனை எளிதில் இனங்காண்பர். இல்லாத புள்ளி ஏறுவதற்குரிய உண்மையான வழி ஒன்றே: கற்றறிந்த ஒருவர், இங்குப் புள்ளி இருந்திருக்க வேண்டும் எனத் தாமே கருதி இடுவது. புள்ளி கையால் விழும், கருத்தால் ஏறும். இவ்விரு நிகழ்ச்சிகளின் அளவும் ஒன்றல்ல, காரணமும் ஒன்றல்ல.

ஷானன் வகுத்த தடம்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாடு ஷானன் (1916–2001) 1948ஆம் ஆண்டு வெளியிட்ட நெடுங்கட்டுரை தகவல் கோட்பாட்டின் தொடக்கமாகும். செய்தியை அனுப்புவோன் ஒருவன், பெறுவோன் ஒருவன், இடையில் ஒரு தடம். தடத்தில் இரைச்சல் உண்டு. இரைச்சல் செய்தியைச் சிதைக்கும். அத்தடம் தொலைபேசிக் கம்பியாக இருக்கலாம், வானலையாக இருக்கலாம். ஓலைச்சுவடியாக இருப்பினும் கணக்கு மாறாது. ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவிக்கும் செய்தியின் அளவை ஷானன் ‘பிட்’ என்றார். அச்சொல்லைத் தந்தவர் ஜான் டுக்கி என்னும் கணித அறிஞர் என்றும் அவரே குறித்தார். புள்ளி உண்டு, புள்ளி இல்லை என்பதும் அத்தகைய இருமச் செய்தியே.

எத்துணை இரைச்சல் இருந்தாலும் ஒரு தடத்துக்கு ஓர் உச்சக் கொள்திறன் உண்டு; அதற்குட்பட்டு, தக்க குறிமுறையால், பிழை ஏறத்தாழ இல்லாமலே செய்தியைக் கடத்த முடியும் என்பதே ஷானன் நிறுவிய பெரும் உண்மை. இருபுறமும் ஒரே அளவில் பிழைபடும் தடம் சமனுடைத் தடம் எனப்படும். ஒருபுறம் மட்டும் பிழைபடுவது, அதன் வரைபடம் ஆங்கில எழுத்தை ஒத்திருப்பதால் ‘இசட் தடம்’ எனப்படும். இரண்டுக்கும் இடைப்பட்டு, இருபுறமும் வெவ்வேறு அளவில் பிழைபடுவதே பொதுவான சமனிலாத் தடம்.

இவற்றின் வேறுபாட்டை ஓர் எண்ணால் உணரலாம். சமனுடைத் தடத்தில் பிழை பாதிக்குப் பாதி எனக் கொண்டால், அதன் கொள்திறன் சுழி. பெறுவோன் ஏட்டைப் பார்ப்பதும் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதும் ஒன்றே. இசட் தடத்தில் குறி பாதிக்குப் பாதி விழுவதாகக் கொண்டாலும், அதன் கொள்திறன் ஏறத்தாழ 0.32 பிட், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு பிழை எனக் கொண்டால், சமனுடைத் தடத்தின் கொள்திறன் சுமார் 0.53, இசட் தடத்தினுடையது சுமார் 0.76. காரணம் எளிது. ஒருவழிப் பிழையுடைய தடத்தில் கண்ணுக்குத் தெரியும் புள்ளி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஐயம் முழுவதும் புள்ளி காணாத இடத்தில்தான் தங்குகிறது. இருப்பது சான்று, இல்லாமை சான்றன்று.

இன்னொன்றும் இக்கணக்கிலிருந்து கிடைக்கிறது. பாதிக்குப் பாதி விழும் தடத்தில் உச்சக் கொள்திறனை எட்டுவதற்கு, விழக்கூடிய குறியை ஐந்தில் இரண்டு பங்கு அளவே பயன்படுத்த வேண்டும். எளிதில் சிதைவதைச் சிக்கனமாகக் கையாள்வதே நன்று என்பது இதன் கருத்து. ஒளியிழையில் செல்லும் ஒளித்துகள் வழியில் தொலைந்துபோகலாம், புதிதாகத் தோன்றுவது அரிது. மின்னினைவகங்களில் தேக்கிய மின்னேற்றம் காலப்போக்கில் கசிந்து குறையும். இத்தகைய கருவிகளைக் கையாளும் பொறியாளர் இன்றும் இக்கணக்கை நாடுகின்றனர்.

படியிலிருந்து படிக்கு

ஓலையின் ஆயுள் வரம்புடையது. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் படியெடுத்தாக வேண்டும். எனவே பழநூல் கடந்து வந்தது ஒரு தடத்தையன்று. ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த தடங்களின் வரிசையை. இருமத் தடங்கள் இவ்வாறு தொடராக இணைவதை ரிச்சர்டு சில்வர்மன் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார். இசட் தடங்கள் எத்தனை இணைந்தாலும் விளைவது மற்றொரு இசட் தடமே. ஒருவழித் தன்மை மாறுவதில்லை, இழப்பே மிகுகிறது. ஒவ்வொரு படியிலும் புள்ளி பாதிக்குப் பாதி விழுமாயின், மூன்றாம் படியில் எட்டில் ஒன்றே எஞ்சும். அந்நிலையிலும் எஞ்சிய புள்ளி மெய்யான புள்ளியே.

பதிப்பாசிரியர்க்கு இதனால் விளையும் பாடம் பெரிது. ஒரு நூலுக்குப் பத்து ஏடுகள் கிடைத்தனவென்றும், அவை தனித்தனி வழியில் வந்தனவென்றும் கொள்க. ஒன்பதில் ஓரெழுத்துக்குப் புள்ளி இல்லை, ஒன்றில் இருக்கிறது. பெரும்பான்மை கருதுவோர் புள்ளியைத் தள்ளிவிடுவர். சமனுடைத் தடத்தில் அது சரி. ஒருவழித் தடத்தில் அது தவறு. ஒன்பது ஏடுகளின் மௌனத்தை ஓர் ஏட்டின் சொல் வென்றுவிடும். மாறாக, பத்திலும் புள்ளி இல்லையெனில், பாதிக்குப் பாதி விழும் கணக்கில், மூலத்தில் புள்ளி இருந்து பத்திலும் தவறியிருக்கும் வாய்ப்பு 1024இல் ஒன்றே. அப்பொழுது இல்லாமையும் ஓரளவு சான்றாகிறது.

இவ்விதிக்கு இரண்டு எல்லைகள் உண்டு. பத்து ஏடுகளும் ஒரே தாய் ஏட்டின் வழிவந்தவை எனில், அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரு சான்றின் பத்து எதிரொலிகளே. மேலும், புள்ளியிட்ட அந்த ஓர் ஏட்டை எழுதியவர் புலவராயின், அப்புள்ளி வழிவழி வந்ததோ அவர் கருதி இட்டதோ என்று ஆராய வேண்டும். ஏடு தனித்து நின்று இதற்கு விடை தராது. விடை தருவது பாட்டின் அமைப்பே.

யாப்பு வைத்த காவல்

பிழையுடைய தடத்தில் செய்தியைக் காக்க ஒரே வழி, வேண்டிய அளவுக்கு மேலாகச் சிறிது மிகையைச் சேர்த்து அனுப்புவது. அம்மிகை ஒழுங்குபட்டதாக இருக்க வேண்டும். ஒழுங்கு கெட்டால் பிழை வெளிப்பட வேண்டும். எதுகை, மோனை, சீர், தளை என்னும் கட்டுகள் பொருளுக்கு வேண்டியவை அல்ல, ஓசைக்கு வேண்டியவை. ஆயினும் நூலின் வாழ்வுக்கு அவையே மிகையாகவும் காவலாகவும் அமைந்தன.

இதற்குக் கட்டளைக் கலித்துறையைப் போல் தெளிவான சான்று வேறில்லை. ஒற்று நீக்கி எண்ண, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்பது அதன் இலக்கணம். ஐஞ்சீர் அடியில் வெண்டளை பிறழாமல், விளங்காய்ச்சீர் ஈற்றில் மட்டும் வந்தால் இவ்வெண்ணிக்கை தானே அமையும் என்பதைக் கவிஞர் அறிவர். ஒற்று நீக்கி எண்ணுவது என்றால் புள்ளியில்லா எழுத்துகளை எண்ணுவதே அல்லவா? எனவே புள்ளி விழுந்தால் கணக்குக் கூடும். கூடிய கணக்குப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

காட்டாக, ‘எரியும் விளக்கை எதிரிலே வைத்தே இருந்தனளே’ என்று ஓரடி அமைத்துக்கொள்ளலாம். புளிமா, புளிமா, கருவிளம், தேமா, கருவிளங்காய் என அது நடக்கும். நிரையில் தொடங்குவதால் 17 எழுத்து வர வேண்டும். ஒற்று நீக்கி எண்ணினால் 17 வருகிறது. ‘எரியும்’ என்பதன் மகரப்புள்ளி விழுந்து ‘எரியும’ என்றாயின் எண்ணிக்கை 18 ஆகும், பிழை வெளிப்படும். முதல் எகரத்தின் புள்ளி விழுந்து ‘ஏரியும்’ என்றாயின் எண்ணிக்கை மாறாது. ஆனால் அடி நேரில் தொடங்குவதாகிவிடுவதால் வேண்டுவது 16, இருப்பது 17. அங்கும் பிழை வெளிப்படும். இடையில் ‘எதிரிலே’ என்பது ‘ஏதிரிலே’ ஆனால் எண்ணிக்கை பிழையைக் காட்டாது. மாமுன் நிரை வரவேண்டிய இடத்தில் நேர் வந்து தளை காட்டிக்கொடுக்கும்.

1961ஆம் ஆண்டு பெர்கர் என்பவர் சமனிலாத் தடத்துக்கென ஒரு குறிமுறையை வெளியிட்டார். செய்தியிலுள்ள சுழிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைச் செய்தியின் இறுதியில் எழுதிவைப்பதே அம்முறை. ஒன்று சுழியாக விழுந்தால் செய்தியில் சுழிகள் கூடும். எழுதிவைத்த எண்ணில் ஒன்று விழுந்தால் அவ்வெண் குறையும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்வதால், எத்தனை பிழை நேர்ந்தாலும் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. பிழை மறைய வழியில்லை. புள்ளியில்லா எழுத்தை எண்ணும் கட்டளைக் கலித்துறையும் சுழியை எண்ணும் பெர்கர் முறையும் அடிப்படையில் ஒரே கருத்தின் இரு வடிவங்கள்.

ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அடியின் முதலசையில் கலித்துறைக்கு ஒரு மெலிவு உண்டு. ‘கண்ணில்’ என்று தொடங்கும் அடியில் ணகரப்புள்ளி விழுந்து ‘கணணில்’ என்றாயின், எண்ணிக்கை 16இலிருந்து 17 ஆகும். நேர் நிரையாகி, வேண்டும் எண்ணிக்கையும் 17 ஆகிவிடும். தேமா புளிமாவாவதால் தளையும் கெடாது. கணக்கும் எண்ணிக்கையும் ஒரே திசையில் நகர்வதால் பிழை தப்பிவிடுகிறது. அங்கே காப்பது சொல். ‘கணணில்’ என்றொரு சொல் தமிழில் இல்லை என்று மொழியறிவு தடுத்து நிறுத்தும். கணக்கு காணாததைத் தளை காணும். தளை காணாததைச் சொல் காணும். காவல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது.

உரைநடைக்கும் இத்தகைய கணக்கு ஒன்று இருந்தது. ஒற்று நீக்கி 32 எழுத்துக் கொண்டது ஒரு படி அல்லது கிரந்தம். திருவாய்மொழியின் வைணவ உரைகள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என அளவாலேயே பெயர்பெற்றன. நூலின் அளவைக் குறிக்க எழுந்த வழக்கு அது. பிழை காண எழுந்ததன்று. எனினும் புள்ளியில்லா எழுத்தை எண்ணும் பழக்கம் தமிழ்ப் புலமையில் எத்துணை இயல்பாக ஊறியிருந்தது என்பதற்கு அதுவும் சான்று.

அந்தாதி மற்றொரு காவல். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவதால் அச்சொல் இருமுறை எழுதப்படுகிறது. இரண்டனுள் ஓரிடத்தில் புள்ளி நின்றாலும் போதும். மற்றையிடத்தின் குறை தீர்ந்துவிடும். புளியங்குடிக்கு அண்மையில், சங்கரன்கோவிலுக்கு வடக்கேயுள்ள கரிவலம்வந்தநல்லூர் இலக்கியத்தில் திருக்கருவை எனப்படும். அதிவீரராம பாண்டியர் பெயரில் வழங்குவதும், வரதுங்கராம பாண்டியர் பாடியது எனச் சிலர் கொள்வதுமான திருக்கருவைக் கலித்துறை அந்தாதி அத்தலத்து இறைவரைப் பாடியது. எண்ணிக்கைக் காவலும் அந்தாதிக் காவலும் ஒருங்கே அமைந்த நூல் இவ்வட்டாரத்திலேயே பிறந்திருக்கிறது.

பிழையைக் காண்பது ஒன்று. இடமறிந்து திருத்துவது மற்றொன்று. வர்ஷமோவ், தெனென்கோல்ட்சு என்னும் சோவியத் அறிஞர் இருவர் 1965இல் ஒரு வழி கண்டனர். ஒன்றுகள் நிற்கும் இடங்களின் எண்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை குறித்ததோர் ஒழுங்குக்குள் நிற்குமாறு செய்தியை அமைத்தால், ஏழாம் இடத்துக் குறி விழுந்தவுடன் தொகையில் ஏழு குறையும். குறைவே இடத்தைச் சொல்லிவிடும். 1979இல் கான்ஸ்டன்டினுடன் இணைந்து இத்துறையை மேலும் வளர்த்த டி. ஆர். என். ராவ் இந்தியாவிற் பிறந்தவர். எவ்வடியில், எச்சீரில் தளை தட்டுகிறது என்று பார்த்துப் பிழையின் இடத்தைக் குறித்த பதிப்பாசிரியர்களின் நெறியும் இதனோடு உறவுடையதே.

குறியை மாற்றிய முனிவர்

சிதைவிலிருந்து செய்தியைக் காக்க மற்றொரு வழியும் உண்டு: சிதையும் குறியையே விட்டுவிட்டுச் சிதையாத குறியைக் கொள்வது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) செய்தது அதுவே. குறிலுக்குப் புள்ளி என்னும் பழைய முறையை மாற்றி, நெடிலுக்கு ஒரு கோடும் சுழியும் என்னும் முறையைக் கொண்டார். ஏகாரத்துக்குக் கீழிழுப்பும், ஏகார ஓகாரக் கொம்புக்கு மேற்சுழியும் அவர்வழி நிலைபெற்றன என்பது மரபு. 1730இல் இயற்றிய தொன்னூல் விளக்கத்திலும் இம்மாற்றத்தை அவர் விதியாக்கினார். கோடும் சுழியும் எழுத்தாணிக்கு இயல்பானவை, ஓலையைத் துளைக்காதவை. வேற்றுமை அதுவே, அதனைச் சுமக்கும் குறி மட்டும் மாறியது. தடத்தின் இயல்பறிந்து குறியை அமைத்த இச்செயலைத் தகவல் கோட்பாட்டின் நோக்கில் முதல்தரமான பணி என்றே மதிக்க வேண்டும்.

மெய்ப்புள்ளி மீள்வதற்கு அச்சுக்கலை வேரூன்ற வேண்டியிருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தில்கூடப் புள்ளி இல்லை. ஓலையின் பழக்கம் தாளிலும் தொடர்ந்தது. இன்று கணிப்பொறியில் வழங்கும் ஒருங்குறியிலும் ஒரு வியப்பு உண்டு. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் எகரத்தின் எண்ணோடு ஒன்று கூட்டினால் ஏகாரம். ஒகரத்தின் எண்ணோடு ஒன்று கூட்டினால் ஓகாரம். இரும எண்ணாக எழுதினால் குறிலின் கடை இலக்கம் சுழி, நெடிலின் கடை இலக்கம் ஒன்று. தொல்காப்பியர் குறிலுக்குத் தந்த அடையாளம் வீரமாமுனிவர் காலத்தில் நெடிலுக்கு மாறியது. கணிப்பொறியும் நெடிலுக்கே அதனைத் தந்திருக்கிறது. மெய்ப்புள்ளியோ அங்கும் தனிக்குறியாகவே, எழுத்தின் பின்னால், விழக்கூடியதாக நிற்கிறது.

எண்ணாமல் நிறுத்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏடுகளை அச்சேற்றியவர்களுக்கு இக்கோட்பாடு எதுவும் இல்லை. அதன் உண்மை மட்டும் அன்றாடம் எதிர்ப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) 1887இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையில், தொட்டால் ஓரம் உதிரும் ஏடுகளையும் உருத்தெரியாத எழுத்துகளையும் சொல்லி வருந்தினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணியை வெளியிட்டார். 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் 1898இல் மணிமேகலையையும் தந்தார். பல ஏடுகளை ஒப்பிட்டு, வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் காட்டும் நெறி அவருடையது. ஏடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பாடத்தை முடிவுசெய்யாமல், யாப்பையும் உரையையும் பிறநூல் மேற்கோளையும் கொண்டு ஒவ்வொரு பாடத்தையும் நிறுத்துப் பார்த்ததே இவர்களின் பெருமை. தள்ளிய பாடத்தையும் அழிக்காமல் அடியில் வைத்தமையால், தம் முடிவில் பிழையிருப்பின் பின்வருவோர் திருத்தவும் வழிவிட்டனர்.

எந்தக் காவலும் பயன்படாத இழப்பும் ஒன்றுண்டு. கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயிலில் பாண்டியர் தொகுத்த ஏடுகள் இருந்தனவென்று கேள்வியுற்று உ.வே.சா. அங்குச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கு அவர் அறிந்த செய்தியை எழுதிவைத்துள்ளார். புள்ளி விழுந்த ஏட்டை யாப்பு மீட்கும். ஏடே விழுந்தபின் மீட்க எதுவும் இல்லை. பழுதுபட்ட ஏடும் பேசும் என்பதை அறியாமையால் நேர்ந்த இழப்பு அது. பாதி புள்ளி உதிர்ந்த தடத்திலும் மூன்றில் ஒரு பங்குச் செய்தி கடந்துவரும் என்று இன்றைய கணக்குக் காட்டுவதை நினைத்தால், அந்தத் தீயில் போனது எவ்வளவு என்பது ஒருவாறு புலனாகும்.

கவிஞர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. மரபுப்பாட்டின் கட்டுகள் கவிஞனைத் தளைப்பவை என்று மட்டும் கருதுவோர், அவை பாட்டையும் காத்தன என்பதை எண்ணிப் பார்க்கலாம். புதுக்கவிதைக்கு அந்தக் காவல் இல்லை. குறை கூறுவதற்காக இதைச் சொல்வதில்லை. அச்சும் கணிப்பொறியும் தன் புள்ளியைச் சுமக்கும் என்னும் நம்பிக்கையில் அது பிறக்கிறது. ஆகவே அதன் மெய்ப்பைத் திருத்துவதும், படிகளைப் பலவிடங்களில் வைத்துக் காப்பதும் அதனை எழுதுவோர் தாமே ஏற்கவேண்டிய கடமைகள் ஆகின்றன. பழம்பாட்டில் ஓரடியின் எழுத்தெண்ணிக்கை தானே செய்த காவலை, புதிய பாட்டுக்கு மனிதர் நின்று செய்ய வேண்டும்.

ஊர்தோறும் இன்னும் பரணில் கிடக்கும் ஏட்டுக்கட்டுகளைக் காணும்பொழுதும் இதே நெறி உதவும். எழுத்து முழுமையாக இல்லை, புள்ளி இல்லை, ஓரம் இல்லை என்று அவற்றைத் தள்ளிவிடலாகாது. அவற்றில் காணாதது கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. காண்பது சிறிதாயினும் அது சான்றாகும். ஒன்பது ஏடுகள் மௌனமாக இருந்தபோது பேசவல்ல பத்தாவது ஏடு அவற்றுள் ஒன்றாகவும் இருக்கலாம்.